‘அன்எய்டட்’ என்றால் ‘தனியாக’ என்று அர்த்தமா?

கண் பரிசோதனைப் படிவங்களில் ‘அன்எய்டட் விஷன்’ என்று ஒரு கட்டம் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்துவிட்டு, ‘யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே, நானாகத்தானே படித்தேன்’ என்று நினைத்து அந்தக் கட்டத்தில் 6/6 எழுதினால் அது தவறான தகவல். அங்கே கேட்கப்படுவது கண்ணாடி இல்லாத வெறும் கண்ணின் பார்வை.

அகராதியைப் புரட்டினால் ‘உதவியின்றி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். சரியான பொருள்தான், ஆனால் பாதிப் பொருள். எந்த உதவி இன்றி? ஆளா, கருவியா, பணமா? ஆங்கிலத்தில் அலோன், பை மைசெல்ஃப், சிங்கிள்-ஹேண்டட்லி, இண்டிபெண்டென்ட்லி என்று இந்தச் சொல்லுக்கு ஒரு பெரிய பங்காளிக் கூட்டமே இருக்கிறது. எல்லாவற்றையும் ‘தனியாக’ என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிடுகிறோம். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட உதவியை மட்டுமே விலக்குகிறது. எதை விலக்குகிறது என்று தெரிந்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சைக்கிள் பழகும் குழந்தை

ஒரு குழந்தை சைக்கிள் பழகுகிறது. பின்சக்கரத்தின் இருபுறமும் குட்டிச் சக்கரங்கள். அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறார். சுற்றிலும் நாலைந்து பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

முதலில் குட்டிச் சக்கரங்களைக் கழற்றுகிறார்கள். கருவியின் உதவி போயிற்று. சில நாள் கழித்து அப்பா கையை எடுக்கிறார். ஆளின் உதவியும் போயிற்று. குழந்தை இப்போது ‘அன்எய்டட்’ ஆக ஓட்டுகிறது. ஆனால் அது தனியாக இல்லை: அப்பா பத்தடி தள்ளி நிற்கிறார், பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். யாரும் இல்லாத மைதானத்தில், குட்டிச் சக்கரம் பொருத்திய சைக்கிளை ஒரு குழந்தை ஓட்டுகிறது. இது ‘அலோன்’. ‘அன்எய்டட்’ என்று சொல்ல முடியாது.

அதாவது, ‘அலோன்’ பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கிறது. ‘அன்எய்டட்’ உதவி கிடைக்கிறதா என்று பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

சொல்லைப் பிரித்தால்

‘அன்’ என்பது முன்னொட்டு. முன்னொட்டு என்றால் ஒரு சொல்லின் தலையில் ஒட்டிக்கொண்டு அதன் பொருளை மாற்றும் சிறு துண்டு. இங்கே அது ‘இல்லாத’ என்ற பொருளைத் தருகிறது. நடுவில் ‘எய்ட்’, அதாவது உதவி. இது லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த சொல்.

‘எய்ட்’ எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். ஹியரிங் எய்ட் ஒரு கருவி. ஃபர்ஸ்ட் எய்ட் ஒரு ஆள் இன்னொருவருக்குச் செய்யும் சிகிச்சை. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குத் தரும் ‘ஃபாரின் எய்ட்’ பெரும்பாலும் பணம் அல்லது பொருள். ஆகவே ‘அன்எய்டட்’ என்ற சொல்லிலும் கருவி, ஆள், பணம் மூன்றும் ஒளிந்திருக்கின்றன. எது விலக்கப்படுகிறது என்பதைப் பக்கத்தில் வரும் சொல்தான் காட்டிக்கொடுக்கும்.

‘அன்எய்டட் ஹியரிங்’ என்றால் காதுக்கருவி இல்லாத கேட்கும் திறன். நோயாளி ‘ப்ரீதிங் அன்எய்டட்’ என்றால் வென்டிலேட்டர் உதவி இல்லாமல் மூச்சுவிடுகிறார். இதைச் சிலர் ‘தனியாக மூச்சுவிடுகிறார்’ என்று எழுதும்போது சிரிப்பதா வேண்டாமா என்று தெரிவதில்லை. ‘தானாக மூச்சுவிடுகிறார்’ என்றால் போதுமே. சந்தை ஆய்வில் ‘அன்எய்டட் ரீகால்’ என்று ஒன்று உண்டு: பெயர்ப் பட்டியல் எதையும் காட்டாமல், ‘உங்களுக்குத் தெரிந்த சோப்பு பிராண்டுகளைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் நினைவிலிருந்து வரும் பதில். பட்டியலைக் காட்டிக் கேட்டால் அது ‘எய்டட் ரீகால்’. இங்கே உதவி என்பது வெறும் குறிப்பு.

ஒரே மூக்குக்கண்ணாடி, இரண்டு தீர்ப்பு

இந்தச் சொல்லின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கும் இடம் இது.

கண் மருத்துவரின் அறையில் ‘அன்எய்டட்’ என்றால் கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். 6/6 என்பது, சராசரிப் பார்வை உள்ளவர் 6 மீட்டர் தொலைவில் படிக்கக்கூடிய வரியை நீங்களும் 6 மீட்டரில் படிக்கிறீர்கள் என்பதைக் குறிக்கும் அளவு. கண்ணாடியோடு 6/6, கண்ணாடி இல்லாமல் 6/36 என்று ஒருவருக்கே இரண்டு எண்கள் இருக்கலாம். ‘அன்எய்டட்’ கட்டத்துக்கு உரியது இரண்டாவது எண்.

அதே ஆள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரவில் மொட்டைமாடிக்குப் போகிறார். வானவியல் நூல்கள் ‘ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் அன்எய்டட் ஐக்குத் தெரியும்’ என்கின்றன. சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருப்பது அது. நல்ல இருட்டான வானத்தில் மங்கலான திட்டாகத் தெரியும். இவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் வெறுங்கண்ணால் பார்த்ததாகக் கணக்கில் சேருமா? சேரும். வானவியலில் விலக்கப்படுவது தொலைநோக்கியும் பைனாகுலரும். மூக்குக்கண்ணாடி கண்ணைச் சராசரி நிலைக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். அதை அங்கே யாரும் உதவியாக எண்ணுவதில்லை.

கண்ணாடி மாறவில்லை, கண் மாறவில்லை, சொல்லும் மாறவில்லை. மாறியது துறை. ஒவ்வொரு துறையும் ‘இது இயல்பு, இதற்கு மேல் இருப்பது உதவி’ என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. ‘அன்எய்டட்’ அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதை மட்டும் நீக்கும்.

இரண்டு பேர் சேர்ந்து ‘உதவியின்றி’ ஏறலாமா?

1978 மே 8 அன்று ரைன்ஹோல்ட் மெஸ்னர், பீட்டர் ஹேபலர் இருவரும் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. ஆனால் அவர்கள் போனது ஒரு பெரிய ஆஸ்திரியக் குழுவோடு. ஷெர்பாக்கள் இருந்தார்கள், முகாம்கள் இருந்தன, உச்சியில் நின்றதே இரண்டு பேர். ஆக்ஸிஜன் விஷயத்தில் மட்டும் அது உதவியில்லா ஏற்றம்.

1980 ஆகஸ்ட் 20 அன்று மெஸ்னர் மறுபடியும் உச்சிக்குப் போனார். இந்தமுறை ஆக்ஸிஜனும் இல்லை, கூட ஏறும் ஆளும் இல்லை. இதற்கு ‘சோலோ’ என்ற சொல் சேர்கிறது. இத்தாலிய மொழியிலிருந்து வந்த இந்தச் சொல் ஆள் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது: ஒருவர். முதல் ஏற்றத்துக்கு ‘சோலோ’ பொருந்தாது, இரண்டாவதற்குப் பொருந்தும்.

கோடு எங்கே என்பதில் ஆட்களுக்குள் உடன்பாடு இல்லாவிட்டால் சண்டைதான். 2018 டிசம்பர் 26 அன்று காலின் ஓ’பிரேடி என்ற அமெரிக்கர் 54 நாட்களில் அண்டார்டிகாவைக் கடந்து முடித்தார். சோலோ, அன்சப்போர்ட்டட் (வழியில் புதிதாக உணவோ பொருளோ பெறாதது), அன்எய்டட் வகையில் இதுவே முதல் பயணம் என்று செய்தி பரவியது. துருவப் பயணிகள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. நார்வேயின் போர்கே அவுஸ்லாண்ட் 1996-97லேயே தனி ஆளாக, இன்னும் நீண்ட பாதையில் கடந்திருக்கிறாரே என்றார்கள். அவர் சில இடங்களில் காற்றாடித் துணியைக் கட்டிக் காற்றின் இழுவையைப் பயன்படுத்தினார், அது உதவி என்பது மறுதரப்பு. அப்படியானால் ஓ’பிரேடி கடைசிப் பகுதியில் டிராக்டர்கள் போவதற்காகச் சமன்செய்யப்பட்ட பாதையில் நடந்தாரே, அது உதவி இல்லையா என்று திருப்பிக் கேட்டார்கள்.

காற்று உதவியா, சாலை உதவியா? என் கட்சி: இரண்டுமே உதவிதான். ஆனால் இலக்கணத்தைக் காட்டி இந்த வழக்கை யாரும் ஜெயிக்க முடியாது. அந்தத் துறையார் உட்கார்ந்து வரையறை எழுத வேண்டிய விஷயம் இது.

பணம் சம்பந்தப்பட்டால்

இந்தியச் சட்ட மொழியில் ‘அன்எய்டட் ஸ்கூல்’ என்றால் அரசின் மானியம் பெறாத பள்ளி. கட்டணமோ நன்கொடையோ வாங்காத பள்ளி என்று பொருளில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இத்தகைய பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். அதற்கான செலவை அரசு ஈடுசெய்யும். அரசுப் பணம் வந்தாலும் பள்ளி ‘அன்எய்டட்’தான், ஏனென்றால் ஈடு வேறு, மானியம் வேறு.

இண்டிபெண்டென்ட்: கைத்தடி இருந்தால் பரவாயில்லை

லத்தீன் வேரில் இதன் பொருள் ‘எதிலும் தொங்கிக்கொண்டிராத’ என்பது. மற்றவரைச் சார்ந்திருக்கிறாரா என்பதே இதன் கேள்வி.

பார்தல் இண்டெக்ஸ் என்பது, ஒருவர் அன்றாடக் காரியங்களை எந்த அளவுக்குத் தாமே செய்துகொள்கிறார் என்று மறுவாழ்வு மருத்துவத்தில் மதிப்பெண் போடும் முறை. 1965இல் வெளியானது, மொத்தம் 100. உண்பது, உடுப்பது, நடப்பது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். நடப்பதில் முழு மதிப்பெண் பெறக் கைத்தடி தடையில்லை. பிறர் தாங்கிப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். எனவே கைத்தடியோடு நடக்கும் பெரியவர் ‘இண்டிபெண்டென்ட்’. அவர் ‘அன்எய்டட்’ ஆக நடக்கிறார் என்று எழுதினால் கைத்தடியை மறைத்ததாகும். மருத்துவக் குறிப்பில் இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. வீட்டுக்கு அனுப்பும்போது ஊன்றுகோல் கொடுத்தனுப்புவதா வேண்டாமா என்பதுகூட இதில் இருக்கிறது.

அறிவியலில் இச்சொல் இன்னொரு முகம் காட்டும். சார்லஸ் டார்வினும் ஆல்ஃப்ரெட் வாலஸும் இயற்கைத் தேர்வுக் கருத்தை ‘இண்டிபெண்டென்ட்லி’ கண்டடைந்தார்கள் என்பார்கள். 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னியன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்தே வாசிக்கப்பட்டன. வாலஸ் தனியாக இருந்தாரா? மலாய்த் தீவுகளில் அவரோடு அலி என்ற உதவியாளர் இருந்தார், மாதிரிகளைச் சேகரித்துக் கொடுத்தார். ஆக, அலோன் இல்லை, அன்எய்டட்டும் இல்லை. ஒருவர் கண்டுபிடிப்பை அறியாமல் மற்றவரும் அதே முடிவுக்கு வந்தார் என்பதே இங்கே ‘இண்டிபெண்டென்ட்’.

சற்று நின்று பார்ப்போம். அலோன், சோலோ: எத்தனை பேர்? அன்எய்டட்: துறை உதவி என்று கருதும் ஒன்று இருந்ததா? இண்டிபெண்டென்ட்: அடுத்தவரைச் சார்ந்திருந்ததா?

சிங்கிள்-ஹேண்டட்: கை என்றால் கை இல்லை

பவுண்டரி எல்லையில் தாவி ஒரு கையால் பந்தைப் பிடித்தால் அது ‘ஒன்-ஹேண்டட் கேட்ச்’. அதைச் ‘சிங்கிள்-ஹேண்டட்லி பிடித்தார்’ என்று எழுதுவது வழக்கமான சறுக்கல். இச்சொல்லில் வரும் ‘ஹேண்ட்’ வேலையாளைக் குறிப்பதாக எடுத்துக்கொண்டால் குழம்பாது. கப்பலில் ‘ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்’ என்று கூப்பிட்டால் வரவேண்டியது கைகளா, மாலுமிகளா?

பாய்மரப் படகு உலகில் இச்சொல் மிகத் துல்லியம்: படகில் ஒரே ஆள். ஜோஷுவா ஸ்லோக்கம் 1895இல் பாஸ்டனிலிருந்து ‘ஸ்ப்ரே’ என்ற படகில் புறப்பட்டு உலகைச் சுற்றி 1898இல் திரும்பினார். அப்படித் தனி ஆளாகச் சுற்றிய முதல் மனிதர் அவர். வழியில் எத்தனையோ துறைமுகங்களில் இறங்கினார், மக்களைச் சந்தித்தார், பொருட்களைப் பெற்றுக்கொண்டார். அதனால் ‘சிங்கிள்-ஹேண்டட்’ என்ற பெருமை குறையவில்லை. படகைச் செலுத்தியது ஒருவர் என்பதே கணக்கு.

கரைக்கு வந்ததும் இந்தச் சொல் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது, பாராட்டுச் சொல்லாகிவிடுகிறது. 2023 நவம்பர் 7 அன்று உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆஸ்திரேலியா 292 ரன் இலக்கைத் துரத்தி 91க்கு 7 விக்கெட் இழந்திருந்தது. கிளென் மேக்ஸ்வெல் தசைப்பிடிப்போடு நின்று ஆட்டமிழக்காமல் 201 எடுத்தார். சிங்கிள்-ஹேண்டட்லி ஜெயித்துக் கொடுத்தார் என்று உலகமே சொன்னது. நியாயமான பாராட்டு. ஆனால் எதிர்முனையில் பேட் கம்மின்ஸ் 68 பந்துகளைத் தாங்கி 12 ரன்னோடு கடைசிவரை நின்றார். அவரும் ஆட்டமிழந்து, பின்னால் வருபவர்களும் போயிருந்தால் இரட்டைச் சதம் அடிக்க மேக்ஸ்வெல்லுக்கு இடமே இருந்திருக்காது. கிரிக்கெட்டில் பத்து விக்கெட் விழுந்தபின் ஒருவர் மட்டும் ஆடச் சட்டம் அனுமதிக்காது. அங்கே இந்தச் சொல், ‘பாரத்தின் பெரும்பங்கை ஒருவரே சுமந்தார்’ என்பதற்கான உயர்வு நவிற்சி.

பாராட்டுச் சொல் என்பதால் சின்ன வேலைக்கு ஒட்டாது. ‘நான் சிங்கிள்-ஹேண்டட்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்’ என்றால் கேலியாகத்தான் படும். பெரிய காரியத்தைக் கெடுத்தவருக்கும் இது வரும்: ‘அவர் சிங்கிள்-ஹேண்டட்லி கம்பெனியை மூழ்கடித்தார்’ என்பது சரியான ஆங்கிலம்.

மைசெல்ஃப், பை மைசெல்ஃப், அலோன்

தமிழில் ‘நானே செய்தேன்’ என்பதற்கும் ‘நான் தனியாகச் செய்தேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் அதே வேறுபாடுதான். ‘ஐ டிட் இட் மைசெல்ஃப்’ என்றால் நானே, அதாவது வேறு யாரிடமும் ஒப்படைக்கவில்லை. ‘ஐ டிட் இட் பை மைசெல்ஃப்’ என்றால் துணையில்லாமல் செய்தேன். ‘ஆன் மை ஓன்’ இரண்டாவதன் சகோதரன். இவ்விரண்டுக்கும் ‘ஆளில்லாமல்’, ‘உதவியில்லாமல்’ என்று இரு பொருளும் உண்டு. ‘ஐ லிவ் பை மைசெல்ஃப்’ என்றால் தனியாக வசிக்கிறேன்.

‘அலோன்’ எங்கே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘ஹி டிட் இட் அலோன்’ என்றால் அவர் தனியாகச் செய்தார். ‘ஹி அலோன் டிட் இட்’ என்றால் அவர் மட்டும்தான் செய்தார், மற்றவர்கள் செய்யவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஆல் ஒன்’, அதாவது ‘முழுக்க ஒன்று’ என்று இருந்ததுதான் ஒட்டி ‘அலோன்’ ஆயிற்று. ஒருவராக இருப்பதும் ஒருவர் மட்டும் என்பதும் அந்தப் பிறப்பிலேயே இருக்கின்றன.

வாக்கியத்தில் வைப்பது

‘அன்எய்டட்’ பெயருக்கு முன் பெயரடையாக வரும்: அன்எய்டட் ஐ, அன்எய்டட் எஃபர்ட். பெயரடை என்றால் பெயர்ச்சொல்லை விவரிக்கும் சொல். வினைக்குப் பின் அதே வடிவத்தில் வினையடையாகவும் வரும்: ‘ஷி வாக்ஸ் அன்எய்டட்’. வினையடை என்றால் செயல் எப்படி நடந்தது என்று காட்டும் சொல். இதன் வாலில் ‘லி’ சேர்க்க வேண்டியதில்லை. ‘அன்எய்டட்லி’ நடைமுறையில் இல்லை என்றே சொல்லலாம்.

‘அன்எய்டட் வித்தவுட் எனி ஹெல்ப்’ என்று எழுதுவது நம் இலக்கணக்காரர்கள் குற்றமாகச் சொல்லும் ‘கூறியது கூறல்’. எந்த உதவி இல்லை என்று காட்ட வேண்டுமானால் ‘பை’ சேர்க்கலாம்: ‘அன்எய்டட் பை இன்ஸ்ட்ருமென்ட்ஸ்’. இன்னொன்று, இது கொஞ்சம் விறைப்பான எழுத்துச் சொல். நண்பரிடம் பேசும்போது ‘ஆன் மை ஓன்’ போதும். ‘ஐ குக்ட் டின்னர் அன்எய்டட்’ என்றால் அறிக்கை வாசிப்பது போலிருக்கும்.

கையெழுத்துப் போடும் இடங்கள்

ஆய்வேடுகளின் முன்பக்கத்தில் ‘மை ஓன் அன்எய்டட் வொர்க்’ என்று உறுதிமொழி எழுதச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் உண்டு. வழிகாட்டிப் பேராசிரியர் திருத்தம் சொன்னாரே, நூலகத்தில் நூறு புத்தகம் பார்த்தேனே, பொய் உறுதிமொழி ஆகிவிடுமோ என்று அஞ்சும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. அங்கே வழிகாட்டலும் வாசிப்பும் கண் மருத்துவரின் அறைக்கு வெளியே இருக்கும் மூக்குக்கண்ணாடி மாதிரி, இயல்பானவை. விலக்கப்படுவது இன்னொருவர் எழுதிக் கொடுப்பதும், எடுத்ததை எடுத்ததாகச் சொல்லாமல் விடுவதும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது. கையெழுத்திடும் முன் அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுவதே வழி.

வேலைக்கு எழுதும் தன்விவரக் குறிப்பில் ‘ஒர்க்ட் இண்டிபெண்டென்ட்லி’ என்று போட்டால், மேலாளர் ஒவ்வொரு படியிலும் கூட நிற்கத் தேவையில்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘சிங்கிள்-ஹேண்டட்லி பில்ட்’ என்று போட்டால், முழுதும் நீங்கள் ஒருவரே கட்டியது என்று எடுத்துக்கொள்வார், நேர்காணலில் அதன் ஒவ்வொரு பகுதியைப் பற்றியும் கேட்பார். ஐந்து பேர் குழுவில் உங்கள் பகுதியை நீங்கள் மேற்பார்வையின்றி முடித்திருந்தால் எழுத வேண்டியது முதலாவது.